திரையோரத்து இடம்

குனிந்த பிறகுதான் அந்தத் தலை கண்ணில் பட்டது.

பஸ்லியாவின் கைகள் முழங்கால்களைப் பிடித்திருந்தன. பள்ளிவாசல் வரிசையில் நின்ற மற்றப் பெண்களின் கைகளும் அப்படியே. தொங்கும் துணிகளுக்குக் கீழால், இரண்டு ஆள் தள்ளி, ஒரு நெற்றி மட்டும் விரிப்பைத் தொட்டுக் கிடந்தது. நெற்றியின் இரு பக்கமும் விரிந்த விரல்களின் நுனியில் கரும்பலகையில் எழுதும் வெண்கட்டித் தூள். குனிந்து நிற்கும் மாடுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் படுத்துவிட்டதைப் போல இருந்தது.

பிழை விட்டது அந்தப் பெண் இல்லை என்று பஸ்லியாவுக்கு உடனே விளங்கியது.

நோன்பு மாதத்து இரவுத் தொழுகையில் சில வசனங்கள் வரும். அவற்றை ஓதியதும் இமாம் குனியமாட்டார். நின்ற நிலையிலிருந்து நேரே போய் நெற்றியை நிலத்தில் வைப்பார். பிறகு எழுந்து, விட்ட இடத்திலிருந்து ஓதுவார். தொழுகையைத் தொடங்குமுன் இதை ஒலிபெருக்கியில் சொல்லிவிடுவதும் வழக்கம். இன்றைக்கும் சொல்லியிருப்பார். ஆண்களை மறைக்கும் திரைக்கு இந்தப் பக்கம் நின்ற எல்லோருக்கும் அது கேட்டிருக்கும். கேட்காதது பஸ்லியாவுக்கு மட்டும்.

அவள் குனிந்தாள். கேட்டவர்களும் குனிந்தார்கள்.

வெண்கட்டி விரல்கள் நிலத்தை விட்டு எழுந்தன. பஸ்லியாவும் நிமிர்ந்தாள். அந்தச் சுற்று முடியும்வரை அவள் அந்த விரல்களையே பார்த்துத் தொழுதாள். மற்றவர்கள் அவளைப் பார்த்துத் தொழுதார்கள். ஒரு நூலில் கோத்த மணிகள்போல எல்லாம் ஒழுங்காக நடந்தன.

ஸலாம் கொடுத்து முடிந்ததும் பெண்கள் திரும்பி உட்கார்ந்தார்கள். மெயின் வீதி இரும்புக் கடைக்காரரின் மனைவி ஜுனைதாதான் முதலில் கேட்டாள்.

“எந்தூரு புள்ள நீங்க?”

அட்டாளைச்சேனை என்றாள் அந்தப் பெண். பெயர் சிபானா. கணவன் றிஸ்வான் கல்முனை ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கும் பகுதியில் வேலை. மூன்றாம் ஒழுங்கைச் சந்தில் வீடு எடுத்து வந்து சில மாதங்கள்தான். பின்னேரங்களில் பெண் பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் வகுப்பு நடத்துகிறாள்.

“அங்க எப்புடியோ தெரியா. இஞ்ச ஆக்களோட சேந்து தொழணும். தனியப் படுத்துக் கிடக்கப்படா.”

சிபானா சிரிக்க முயன்றாள். மௌலவி முதலிலேயே சொன்னாரே, இந்த ரக்அத்தில் நெற்றியை நிலத்தில் வைக்கும் ஸஜ்தா இருக்கிறது என்று, உங்களுக்குக் கேட்கவில்லையா என்றாள். பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். கேட்ட முகங்கள் அவை.

“கேட்டிச்சி,” என்றாள் ஜுனைதா. “ஆனா பஸ்லியா ராத்தா குனிஞ்சாவே.”

எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். பஸ்லியாவுக்கு உதடுகள் அசைவது தெரிந்தது. தன் பெயருக்கு உதடுகள் எப்படிக் கூடும் என்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ தடவை செய்ததையே இப்போதும் செய்தாள். மெல்லத் தலையசைத்தாள். விரல்கள் தஸ்பீஹ் மணிகளை நகர்த்தின.

அந்தத் தலையசைப்போடு வழக்கு முடிந்துவிட்டது. சிபானா விரிப்பைச் சுருட்டிக்கொண்டு மிச்சச் சுற்றுகளுக்கு நிற்காமல் போனாள்.

*

பஸ்லியா தையல்காரி. அறுபதை நெருங்கியவள். புருஷன் மௌத்தாகிவிட்டார். ஒரே மகள் கத்தாரில். மகள் போனில் முகம் காட்டிக் கதைக்கும்போது பஸ்லியா அந்த முகத்தைப் பார்த்து “ஓம், ஓம்” என்பாள். மகள் சிரித்தால் சிரிப்பாள். உம்மா நல்லாத்தான் இருக்கிறா என்று மகள் வைத்துவிடுவாள்.

தையலுக்கு வருகிறவர்கள் அளவுச் சட்டை ஒன்று கொண்டுவருவார்கள். முன்பு தைத்து உடம்புக்குச் சரியாக இருந்த சட்டை. அதை மேசையில் விரித்து, கையின் நீளம் இவ்வளவு கூட, கழுத்து இவ்வளவு இறக்கம் என்று விரலால் காட்டிவிட்டுப் போவார்கள். அவள் பழையதைப் பார்த்துப் புதியதை வெட்டுவாள். யாரும் எதையும் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. அவளுடைய காதுகள் போனதை அந்தச் சட்டைகளே மறைத்து வைத்திருந்தன. குறைவாகக் கதைக்கிற, கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிற மனுசியை ஊர் பக்தியான மனுசி என்று எடுத்துக்கொண்டது.

வலக் காது சுனாமியில் கடல் வந்த அன்று போனது. இடக் காது ஒவ்வொரு மழைக்காலமும் கொஞ்சம் கொஞ்சமாக. இப்போது உள்ளே ஒரு இரைச்சல் மட்டும். சங்கைக் காதில் வைத்தால் வருமே, அது. கிட்ட வந்து உரத்துக் கதைத்தால் அந்த இரைச்சலுக்கு மேலே சில சொற்கள் மிதந்து வரும். பிறகு மூழ்கிவிடும். வீதியில் ஆட்டோக்கள் சத்தமில்லாமல் மீன்களைப்போல அவளைக் கடந்தன. கல்முனை பஸ் நிலையத்தில் ஆட்களின் வாய்கள் திறந்து மூடின. அவளுக்கு இதில் பெரிய துக்கம் இல்லை. சில நாட்களில் தைத்துக்கொண்டிருக்கும்போதே, தான் தண்ணீருக்கு அடியில் மெசினை மிதிப்பதாகத் தோன்றும். துணி நீரோட்டத்தில் போவதுபோல ஊசிக்குக் கீழே போய்க்கொண்டிருக்கும்.

பள்ளிவாசல் மட்டும்தான் கஷ்டம். அங்கே ஒலியைக் கேட்டுத்தான் குனியவும் எழவும் வேண்டும்.

ஆண்களின் வரிசைகளுக்குப் பின்னால் ஒரு பச்சைத் திரை. திரைக்குப் பின்னால் பெண்கள். முதல் வரிசையின் வலது ஓரத்தில், திரையும் சுவரும் சேராத ஒரு கை அகல இடைவெளி இருந்தது. அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து பஸ்லியா அந்த இடத்தில்தான் நின்றாள். இடைவெளியால் ஆண்களின் கடைசி வரிசையில் ஓரத்தில் நிற்கும் ஒருவரின் காலும் இடுப்பில் கட்டிய சாரத்தின் கரையும் தெரியும். குதிகால் வெடித்து, வெடிப்புகளில் மண் ஏறிய கால். வயலில் நிற்பவராக இருக்க வேண்டும். அவர் குனிந்தால் சாரத்தின் கரை ஒரு விரல் மேலே ஏறும். நெற்றியை நிலத்தில் வைத்தால் உள்ளங்கால் நிமிரும். அவளுக்கு அது போதும். அவர் முகத்தை அவள் பார்த்ததில்லை. வீதியில் எத்தனையோ தடவை கண்டிருக்கவும் கூடும். அவருக்கும் இப்படி ஒரு கடமை தன் காலில் இருப்பது தெரியாது.

அவருடைய குதிகாலுக்குப் பின்னால் அவள். அவளுக்குப் பின்னால், கண்ணை மறைக்கும் தூக்கத்தோடும் பிள்ளைகளோடும் நிற்கும் பெண்கள் எல்லோரும். பஸ்லியா ராத்தா பிழை விடமாட்டா என்ற நம்பிக்கை.

அன்றைக்கு அந்த இடத்தில் குதிகால் இல்லை. ஒரு கதிரை போட்டிருந்தது. கதிரையில் முழங்கால் வருத்தக்காரரான முத்தலிப் ஹாஜியார். கதிரையில் இருந்து தொழுகிறவர்கள் குனிவதற்கும் முதுகைத்தான் வளைப்பார்கள், நெற்றியை வைப்பதற்கும் முதுகைத்தான் வளைப்பார்கள். பஸ்லியா முறையை நினைவில் வைத்துத் தொழுதாள். முதல் வளைவு குனிவது. அடுத்தது நெற்றி. இரண்டு ரக்அத் சரியாகப் போனது. மூன்றாவதில் அந்த வசனம் வந்தது.

*

கடல் வந்த அன்று அவள் கிணற்றடியில் நின்றாள். அப்போது வீடு கடற்கரையில். ஞாயிற்றுக்கிழமைக் காலை. வெயில் நல்ல வெயில். ஒழுங்கையால் ஒரு பெண் ஓடினாள். பச்சை நிறத் துணி. தலையில் முக்காடு இல்லை. ஏன் ஓடுகிறாள் என்று பஸ்லியாவுக்குத் தெரியவில்லை. அந்தத் துணி ஓடிய விதத்தைப் பார்த்து அவளும் வாளியை விட்டுவிட்டு ஓடினாள். மகளின் கை அவள் கையில் இருந்தது. அவள் ஓடுவதைப் பார்த்து ஒழுங்கையில் இருந்த பெண்கள் ஓடினார்கள். ஜுனைதாவும் அதில் ஒருத்தி. வயிற்றில் பிள்ளை.

வீதிக்கு ஏறும் இடத்தில் தண்ணீர் பிடித்தது. காது நிறையத் தண்ணீர். யாரோ இழுத்தார்கள்.

பிறகு முகாமில் பெண்கள் சொன்னார்கள், ராத்தா ஓடினதைப் பார்த்துத்தான் நாங்கள் ஓடினோம், ராத்தாவுக்குத்தான் முதலில் தெரிந்தது என்று. அவள் பச்சைத் துணியைப் பற்றிச் சொல்லிப் பார்த்தாள். யாரும் அந்தப் பெண்ணைக் கண்டிருக்கவில்லை. ஒழுங்கையில் அப்படி ஒருத்தி இருந்ததில்லை என்றார்கள். முகாமில் தேடினாள். ஆஸ்பத்திரியிலும், உடல்களை வரிசையாகக் கிடத்தியிருந்த இடத்திலும் தேடினாள். எங்கும் இல்லை. நாள் போகப் போக அவளும் அதைப் பற்றிச் சொல்வதை விட்டுவிட்டாள். கனவில் மட்டும் அந்தத் துணி ஓடும். அவள் பின்னால் ஓடுவாள். அவளுக்குப் பின்னால் யாரும் இருக்கமாட்டார்கள்.

*

சிபானாவின் வாசல் கேற்றில் ஒரு கரும்பலகை தொங்கும். நாளுக்கு ஒரு இங்கிலிஷ் தொடரை எழுதி, கீழே தமிழில் கருத்து எழுதுவாள். வகுப்புக்கு வரும் பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். பாடப் புத்தகத்தில் உள்ள ஒழுங்கிலேயே எழுதி வந்தாள். பள்ளிவாசலில் நடந்ததற்கு மறுநாள் புத்தகத்தில் ஃபொலோ சூட் என்ற தொடர் வந்தது. அவள் எழுதினாள்:

‘ஒருவர் செய்வதைப் பார்த்து மற்றவரும் அதையே செய்தல். சீட்டாட்டத்தில் இருந்து வந்தது. முதல் ஆள் எந்த இனத்துச் சீட்டைப் போடுகிறாரோ, கையில் இருந்தால் மற்றவர்களும் அந்த இனத்தையே போட வேண்டும்.’

அதற்குக் கீழே ஒரு எடுத்துக்காட்டு. ஒரு கடைக்காரர் விலையைக் குறைத்தார், மற்றக் கடைக்காரர்களும் அப்படியே செய்தார்கள்.

கடைக்காரர் வரைக்கும் யாரும் வாசிக்கவில்லை. நோன்புக் கஞ்சிக்குச் சட்டியோடு பள்ளிக்குப் போன பெண்கள் கேற்றடியில் நின்றார்கள். இவள் எங்களைத்தான் எழுதியிருக்கிறாள் என்றாள் ஒருத்தி. தொழுகையைச் சூது என்று எழுதியிருக்கிறாள் என்று அடுத்த ஒழுங்கைக்குப் போனது. கஞ்சிச் சட்டி வீட்டுக்கு வருவதற்குள் அது முழுக் கதையாகிவிட்டது.

ஜுனைதா தன் மகளை வகுப்பால் நிற்பாட்டினாள். ஜுனைதா நிற்பாட்டியதைப் பார்த்து மற்றவர்களும் நிற்பாட்டினார்கள். அந்த வாரம் முடியுமுன் சிபானாவின் முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் வெயிலில் சும்மா கிடந்தன. அவள் பள்ளிவாசலுக்கும் வரவில்லை.

பெருநாளைக்குத் தைக்கத் துணி கொண்டுவந்த ஜுனைதா பஸ்லியாவின் இடக் காதுப் பக்கம் குனிந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவளுக்கு இயல்பாகவே பெரிய சத்தம். சீட்டு, சூது, அட்டாளைச்சேனைக்காரி என்று சொற்கள் மிதந்து வந்தன. கடைசியாக ஒன்று முழுதாகக் கரை சேர்ந்தது.

“ஒங்களப் பாத்துத் தொழுதது பிழயாம் ராத்தா. எப்புடி இரிக்கி கத.”

பஸ்லியா தலையசைக்கவில்லை. ஜுனைதா அதைக் கவனிக்கவும் இல்லை. அளவுச் சட்டையை மேசையில் விரித்துவிட்டுப் போனாள்.

அன்று முழுக்க பஸ்லியாவால் தைக்க முடியவில்லை. மெசினை மிதிப்பாள், நிற்பாட்டுவாள். தெரியாமல் குனிந்தவர்களுக்குக் குற்றம் இல்லை என்று எந்த மௌலவியும் சொல்லுவார். ஆனால் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக் குனிந்தார்கள். அது யாருடைய கழுத்தில்? அந்தப் பெண்ணின் வெறும் கதிரைகள் யாருடைய கழுத்தில்?

உண்மையைச் சொன்னால் திரையோரத்து இடம் போய்விடும். மகளுக்கு அறிவிப்பார்கள். மகள் வந்து வீட்டைப் பூட்டிக் கூட்டிப்போவாள், இல்லாவிட்டால் யாரையாவது கொண்டுவந்து வைப்பாள். தைக்க வருகிறவர்கள் ஊமைக்குக் காட்டுவதுபோலக் கைகாட்டுவார்கள். எல்லாவற்றையும்விட, அந்த வெடித்த குதிகால். உலகத்தோடு அவள் சேர்ந்து அசைகிற நேரம் அது ஒன்றுதான்.

*

மறுநாள் பின்னேரத்து அஸர் தொழுகைக்கு முன், வெயில் இன்னும் வீதியில் கிடந்தபோது, அவள் சிபானாவின் கேற்றடிக்குப் போனாள். பலகையில் அதே தொடர்தான் இருந்தது. எழுதிக்கொள்ளப் பிள்ளைகள் வராததால் அதற்குப் பிறகு சிபானா எதையும் மாற்றவில்லை. பஸ்லியா நின்று முழுவதையும் வாசித்தாள். கடைக்காரர் வரைக்கும்.

சிபானா வெளியே வந்தாள். ஏதோ கேட்டாள். முகம் இறுகியிருந்தது.

“எனக்குக் காது கேக்கிறல்ல புள்ள,” என்றாள் பஸ்லியா. “அண்டைக்குப் பிழ விட்டது நான். நீ சரி.”

தன் குரலின் அளவு அவளுக்குத் தெரியாது. மதிலில் இருந்த காகம் எழும்பிப் பறந்தது. சிபானா வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு பலகையின் கீழ்ப் பக்கத்தில், கடைக்காரருக்கு அடியில் எழுதினாள்.

‘எவ்வளவு காலமா?’

“ஒரு காது கடல் வந்ததில இரிந்து. மத்தது இப்பதான் முழுசாப் போச்சி.”

சிபானா உள்ளங்கையால் அழித்தாள். எழுதினாள். ‘அப்ப எப்படித் தொழுறீங்க?’

பஸ்லியா இடைவெளியைப் பற்றிச் சொன்னாள். குதிகாலைப் பற்றி, சாரத்தின் கரையைப் பற்றி, அன்றைக்கு வந்த கதிரையைப் பற்றி. சிபானா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று தோள்கள் காட்டின. ‘ஹாஜியார் பாவம்’ என்று எழுதினாள். உடனே அதை அழித்துவிட்டு, இந்த முறை அழுத்தி எழுதினாள். வெண்கட்டி உடைந்தது.

‘நீங்க குனிஞ்சா பறக்கத். நான் எழுதினா பஞ்சாயம்.’

பஸ்லியா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒருத்திக்கு அருள், ஒருத்திக்கு வழக்கு. சரியான சொல்லாகத்தான் இருந்தது. காற்று பலகையை மெல்ல ஆட்டியது. எழுத்துகள் போய்ப் போய் வந்தன.

“எங்கட அவர் மீன் புடிக்கிற கரவல வாடியில இரிந்து சீட்டில முந்நூத்தி நாலு விளையாடுவாரு,” என்றாள் பஸ்லியா. “நான் சோறு கொண்டு போனா வெளிய நிண்டு பாப்பன். இதில எழுதியிரிக்கிற மாதிரித்தான். ஒருத்தன் ஆடுதன் போட்டா மத்தவனும் ஆடுதன். கையில இல்லாதவன் என்ன செய்யிற?”

‘எதையும் போடலாம்.’

“இரிந்தும் ஒளிச்சா?”

‘அது கள்ள ஆட்டம்.’

பஸ்லியா முக்காட்டை இழுத்துவிட்டாள். இரவைக்குப் பள்ளிக்கு வா என்றாள். வந்தால், என்று கேட்டது சிபானாவின் புருவம்.

“எல்லாருக்கும் முன்னால சொல்லிருவன்.”

சிபானா கடைசி வெண்கட்டித் துண்டால் எழுதினாள். ‘நம்புவாங்களா?’

இதில் நம்ப என்ன இருக்கிறது என்று பஸ்லியா நினைத்தாள். சிபானா பலகையைத் துடைத்தபோது மேலே இருந்த பாடமும் சேர்ந்து அழிந்தது. ‘பார்த்து மற்றவரும்’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் மிஞ்சின.

*

இஷாத் தொழுகை முடிந்து, இரவுத் தொழுகைக்கு எழும் முன் அவள் எழுந்து நின்றாள். பெண்கள் பிள்ளைகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தார்கள். ராத்தா எழுந்து நின்று கதைத்து யாரும் கண்டதில்லை.

“எனக்குக் காது கேக்காது,” என்றாள். “கன காலமாக் கேக்காது. அண்டைக்கு மௌலவி சொன்னதும் கேக்கல்ல, ஓதினதும் கேக்கல்ல. இந்த ஓட்டையால ஒரு மனிசன்ட காலப் பாத்துத்தான் நான் தொழுற. அந்தப் புள்ளதான் சரியாச் செய்தது. நீங்க ஆரும் என்னப் பாத்துத் தொழவேணா.”

திரைக்கு அந்தப் பக்கமும் அது கேட்டிருக்க வேண்டும். திரை ஒருமுறை அசைந்தது.

அவள் முகங்களைப் பார்த்தாள். கோபத்தையோ சிரிப்பையோ எதிர்பார்த்திருந்தாள். இரண்டும் இல்லை. பெண்களின் கண்கள் கலங்கியிருந்தன. ஒருத்தி மூக்கைத் துடைத்தாள். ஜுனைதா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து, தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு மற்றவர்களிடம் திரும்பி ஏதோ சொன்னாள். எல்லோரும் ஆமோதித்தார்கள்.

பஸ்லியாவுக்குக் கேட்காத அது பின்சுவரோரம் நின்ற சிபானாவுக்குக் கேட்டது.

“அந்தப் புள்ளட மானத்தக் காக்கிறதுக்காகத் தன்னத்தானே செவிடெண்டு சொல்றா. இந்தக் குணம் ஆருக்கு வரும்?”

பஸ்லியாவை அந்தச் சொற்கள் எட்டவில்லை. ஆனால் அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். முகாமில், பச்சைத் துணியைப் பற்றி அவள் சொன்னபோது பெண்கள் பார்த்த பார்வை. அப்போது அவள் மேற்கொண்டு பேசாமல் விட்டாள்.

பெண்கள் எழத் தொடங்கினார்கள். இமாம் அழைத்திருக்க வேண்டும். திரையோரத்து இடத்தை அவளுக்காக விட்டுவிட்டு ஒரு பக்கமாக நெருங்கி நின்றார்கள். இடைவெளியால் அவள் ஒருமுறை பார்த்தாள். கதிரை போய்விட்டது. வெடித்த குதிகால் திரும்ப வந்திருந்தது. வெடிப்புகளில் புதுச் சேறு காய்ந்திருந்தது. எங்கோ வயலுக்குத் தண்ணீர் திறந்திருக்கிறார்கள்.

அவள் சட்டையின் கழுத்தில் எப்போதும் குத்தியிருக்கும் ஊக்கை எடுத்தாள். திரையின் கரையை இழுத்து, சுவரில் தொங்கிய பழைய பாய்க் கயிற்றோடு சேர்த்துக் குத்தினாள். இடைவெளி மூடிக்கொண்டது. பிறகு பின்சுவரோரம் போய் சிபானாவின் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிவந்து, தன் இடத்தில் நிறுத்தினாள். தான் அவளுக்கு நேர் பின்னால், இரண்டாம் வரிசையில் போய் நின்றாள்.

முதல் வரிசையில் சிபானாவுக்குப் பக்கத்தில் நின்ற ஜுனைதா திரும்பிப் பார்த்தாள். முன்னால் நிற்கும் பெண்ணைப் பார்த்தாள், பின்னால் நிற்கும் ராத்தாவைப் பார்த்தாள். குனிந்து தன் விரிப்பை எடுத்தாள். இரண்டாம் வரிசைக்கு வந்து பஸ்லியாவின் தோளோடு தோள் சேர்ந்து நின்றாள். அவளைப் பார்த்து அடுத்தவள் விரிப்பை எடுத்தாள். பிறகு அடுத்தவள். முதல் வரிசை பல் விழுவதுபோல ஒவ்வொன்றாக விழுந்து வெறுமையானது. பின் வரிசைகள் நெருங்கி நெருங்கி இடம் கொடுத்தன.

சிபானா மட்டும் தனியே நின்றாள். திரும்பி, முன்னுக்கு வாங்க, வரிசை நிரம்பவில்லை என்று கையால் அழைத்தாள். யாரும் அசையவில்லை. எல்லோரும் பஸ்லியாவைப் பார்த்தார்கள். பஸ்லியா நிலத்தைப் பார்த்தாள்.

தொழுகை தொடங்கிவிட்டது.

பஸ்லியாவின் பார்வைக்கு நேரே சிபானாவின் பாதங்கள். சாம்பல் நிறக் காலுறை. வலது குதிகாலில் ஒரு சிறு பொத்தல். அவள் அந்தப் பொத்தலில் கண்ணை வைத்தாள். உள்ளே கடல் இரைந்துகொண்டிருந்தது. வெகு நேரம் எதுவும் அசையவில்லை. யாரோ எங்கோ ஓதிக்கொண்டிருக்கிறார்கள், அது நீளமான வசனம், அவளுக்கு அது மணலுக்கு மேல் போகும் தண்ணீர்போல இருந்தது. பிறகு சிபானாவின் கறுப்பு அபாயா அங்கியின் கரை ஒரு விரல் மேலே ஏறியது.

அவள் குனிந்தாள். பக்கத்திலும் பின்னாலும் துணிகள் அசையும் காற்று அவள் கன்னத்தில் பட்டது.

*

மறுநாள் மழை பெய்தது. ஜுனைதாவின் மகள் குடை பிடித்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். அவளைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் போனார்கள். கரும்பலகை நனையாமல் இருக்க சிபானா அதைக் கழற்றி உள்ளே வைத்திருந்தாள். பெண்கள் முதல் வரிசையை வெறுமையாக விடக்கூடாது என்று மௌலவி சொல்லியனுப்பினார். அன்று இரவு வரிசை நிரம்பியது. பஸ்லியா சிபானாவுக்குப் பின்னால் இரண்டாம் வரிசையிலேயே நின்றாள். ஊக்கு குத்திய இடத்தில் யாரோ திரையைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். றிஸ்வான் ஆஸ்பத்திரியில் காது பார்க்கும் கிளினிக்குக்கு ஒரு துண்டுச் சீட்டு எடுத்துக்கொடுத்திருந்தான். புதன்கிழமை வரச் சொல்லியிருந்தது. பஸ்லியா அதை மெசின் லாச்சி இழுப்பறைக்குள் வைத்துவிட்டு ஜுனைதாவின் பெருநாள் சட்டைக்குக் கை வெட்டினாள். அளவுச் சட்டையைவிட ஒரு அங்குலம் நீளமாக வெட்டும்படி ஜுனைதா விரலால் காட்டியிருந்தாள். அப்படியே வெட்டினாள்.